இரண்டு எடைகளுக்கு நடுவே

பழைய இரும்பை உருக்கும் ஆலையில் எடை மேடையைப் பார்த்துக்கொள்பவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளம் போடுகிற பெண்ணைத் தவிர ஆலையில் அது யாருக்கும் தெரியாது. மற்ற எல்லோருக்கும் அவர் பூஜ்யம். லாரி மேடையில் ஏறுவதற்கு முன் கண்ணாடிக்குள்ளிருந்து கையை உயர்த்தி, "பூஜ்யம் வரட்டும்" என்பார். மீட்டரின் சிவப்பு எழுத்து பூஜ்யத்தில் அசையாமல் நிற்கும்வரை எந்த வண்டியின் சக்கரமும் இரும்புத் தகட்டைத் தொடக்கூடாது. மழைத் தண்ணீர் தகட்டில் தேங்கினால் தானே துடைப்பத்தை எடுத்துத் தள்ளிவிட்டு வருவார்.

"ஒரு கிலோ ரெண்டு கிலோவுக்கா இந்தப் பாடு?" என்று ஓட்டுநர்கள் சலித்துக்கொள்வார்கள்.

"ஒரு கிலோ இரும்பு தலையில விழுந்தா தெரியும்" என்பார்.

ஓட்டுநர்களின் வித்தைகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. காலியாகத் திரும்பும்போது பின்சக்கரத்தைக் கொஞ்சம் மேடைக்கு வெளியே நிறுத்துவார்கள். தண்ணீர்க் கேன்களை நிரப்பிக்கொண்டு உள்ளே வருவார்கள். போகும்போது கொட்டிவிட்டுப் போவார்கள். ஒருநாள் மீசைக்காரர் என்று எல்லோரும் அழைக்கும் ஓட்டுநரின் வண்டி வந்து நின்றது. பூஜ்யம் ஒலிபெருக்கியை எடுத்து, "இரும்புக்குள்ள படுத்திருக்கிற ஐயா கொஞ்சம் இறங்கி வரலாமா?" என்று கேட்டார். இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். அவர் ஒருவரைத்தான் எதிர்பார்த்தார். அன்றிலிருந்து மீசைக்காரர் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அவருடைய அறை மேடையை ஒட்டியே இருந்தது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, முதுகு வலிக்காக ஒரு தலையணை, மேசைமேல் கம்ப்யூட்டரும் மீட்டரும். கதவு நேராக மேடையின் பக்கமே திறக்கும். கட்டிய மேஸ்திரி வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் கட்டியிருக்க வேண்டும். லாரி மேடையில் சுவரோரமாக நின்றுவிட்டால் கதவைத் திறக்க முடியாது. வண்டி நிற்கும் நேரத்தில் தனக்கு வெளியே என்ன வேலை என்று அவரும் அதைப் பற்றிப் புகார் சொன்னதில்லை.

அங்கே வேலை முறை இதுதான். லாரி இரும்போடு உள்ளே வரும்போது ஓர் எடை. கொட்டிவிட்டுக் காலியாக வெளியே போகும்போது ஓர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆலைக்கு வந்து சேர்ந்த இரும்பு. இரண்டாவது எடை முடிந்தால்தான் சீட்டு அச்சாகும். சீட்டைப் பார்த்தால்தான் காவலாளி கேட்டைத் திறப்பார். முன்பெல்லாம் முதல் எடைக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார்கள். அது வீண் செலவு என்று நிர்வாகம் நிறுத்திவிட்டது. அதனால் உள்ளே போன வண்டியின் முதல் எடை கம்ப்யூட்டருக்கு மட்டுமே தெரியும்.

அன்று அவர் காலையிலிருந்தே நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் மனைவிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. அன்று மாலை கட்டைப் பிரிக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் மனைவியின் தங்கை துணைக்கு இருந்தாள். மனைவி அதிகம் கேட்கிற மனுஷி அல்ல. புடவை, நகை, ஊர் சுற்றல் எதையும் கேட்டதில்லை. காலையில் அவர் கிளம்பும்போது ஒற்றைக் கண்ணில் கட்டோடு, "கட்டைப் பிரிக்கும்போது நீங்க எதிர்ல நிக்கணும்" என்றாள். அவ்வளவுதான். மறு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. இரண்டு வருடமாக அவரைக் குரலை வைத்தும் இருமலை வைத்தும்தான் அவள் அடையாளம் கண்டுகொண்டிருந்தாள்.

"நிப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். நான்கு மணிக்கு ஸ்டோர்க்காரர் வந்து அவருடைய நாற்காலியில் உட்காருவதாக ஏற்பாடு.

மதியச் சாப்பாடு முடிந்து கையைத் துடைக்கும்போது தொலைபேசி அடித்தது. ஆலை கைமாறிச் சில வாரங்களே ஆகியிருந்தன. புதிய கம்பெனியின் கம்ப்யூட்டர் அதிகாரி பேசினார்.

"உங்க மெஷின் இன்னும் பழைய கம்பெனி நெட்வொர்க்லயே இருக்கு சார். சாயங்காலம் அவங்க லைனை அறுத்துடுவாங்க. அதுக்குள்ள நாமளே மரியாதையா கழண்டுக்கணும். நான் சொல்லச் சொல்ல நீங்க தொட்டுக்கிட்டே வந்தா போதும். இப்ப எடை ஏதாவது ஓடுதா?"

அவர் தலையை நிமிர்த்தினார். மேடை காலி. கேட்டுக்கு வெளியே சாலையும் காலி. மீட்டரில் சிவப்பாகப் பூஜ்யம்.

"இல்ல சார். பூஜ்யம்."

அங்கேதான் கோட்டைவிட்டார். இத்தனை வருடமாக அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்தே வாழ்ந்த மனிதர். பூஜ்யம் என்றால் கை காலி, வேலை ஓய்வு, எழுந்து சோம்பல் முறிக்கலாம். இரும்புக் குவியலுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஏழு லாரிகள் முதல் எடையை மட்டும் போட்டுவிட்டு லோடை இறக்கிக்கொண்டிருந்தன. அது அவருடைய நினைவுக்கு வரவில்லை.

அதிகாரி சொன்ன இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். நடுவில் ஒரு பெட்டி எழும்பியது. கழன்ற பிறகு உள்ளே வர இந்த மெஷினின் சொந்த நிர்வாகிக் கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும் என்று அது எச்சரித்தது.

"சார், பாஸ்வேர்டு தெரிஞ்சிருக்கணும்னு கேக்குது."

"உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியாமயா? தினம் அதைத்தானே அடிக்கிறேன்."

"அப்ப ஓகே குடுங்க."

கொடுத்தார். கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி விழித்தது. ஒற்றை விரலால் தன் பெயரை அடித்தார், கடவுச்சொல்லை அடித்தார். தவறு என்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அடித்தார். தவறு. யாரோ தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பதுபோல் கூசிக்கொண்டு மூன்றாவது முறையும் அடித்தார். அதே பதில்.

அதிகாரியின் குரல் இறங்கிவிட்டது. "சார், நீங்க அடிச்சுக்கிட்டு இருந்தது பழைய தலைமை ஆபீஸ்ல இருக்கிற பேரு. இவ்வளவு நாளும் மெஷின் அவங்களைக் கேட்டுத்தான் 'இவர் நம்ம ஆளு'ன்னு ஒத்துக்கிச்சு. இப்ப கேட்க ஆளில்ல. மெஷினுக்குள்ளயே ஒரு பேரு இருந்தாதான் திறக்கும்."

"நான் வருஷக்கணக்கா இதே மெஷின் முன்னாடிதானே உட்கார்ந்திருக்கேன். அதுக்கு என்னைத் தெரியாதா?"

"தெரியாது சார்."

அந்த நேரம் பார்த்து இரும்புக் குவியலுக்குப் பின்னாலிருந்து காலியான லாரி ஒன்று குலுங்கிக்கொண்டு வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்போதுதான் அவருக்கு உள்ளே இருந்த ஏழு வண்டிகளும் நினைவுக்கு வந்தன.

பழைய கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள். ஊழியர் எண்ணைக் கேட்டாள். தட்டிப் பார்த்தாள். "இந்த எண்ல இப்ப எங்ககிட்ட யாரும் இல்லையே சார்."

"நான்தான்மா இருக்கேன்."

"இங்க இல்ல சார். புதுக் கம்பெனியைக் கேளுங்க."

புதுக் கம்பெனி அதிகாரியிடம் மறுபடி கெஞ்சினார். "நாளைக்கு ஆள் அனுப்புறேன். மெஷினை மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா போட்டுத் தருவாங்க" என்றார் அவர்.

"உள்ள இருக்கிற எடை?"

"அதுவும் சேர்ந்து போயிடும்."

யார்டு மேனேஜர் வந்து, இடுப்பில் கை வைத்து நின்று, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கத்துகிற மனிதரல்ல. கத்தியிருந்தால் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"முதல் எடை இல்லாம ஒரு வண்டியும் வெளிய போகாது" என்றார். "நீங்களும்தான்."

"இன்னைக்கு வீட்டுக்காரிக்குக் கண்கட்டு பிரிக்கிறாங்க சார். நாலு மணிக்கு ஸ்டோர்க்காரர் வர்றதா..."

"அவர் வந்து எதைப் பார்ப்பார்? சுவரையா?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குள் ஓட்டுநர்கள் பக்கவாட்டுக் கம்பி ஜன்னலில் ஈ மொய்ப்பதுபோல் மொய்த்துவிட்டார்கள். ஒருவருக்கு இருட்டுவதற்குள் அடுத்த லோடு ஏற்ற வேண்டும். ஒருவருக்குப் பசி. ஒருவருக்கு ஒன்றும் இல்லை, கூட்டத்தோடு சேர்ந்து கத்தினார்.

"என்னோட முதல் எடையை நான் சொல்றேன், எழுதிக்கோ!" என்றார் மீசைக்காரர்.

"நீங்க சொல்ற எடைக்கு மேடையே உடைஞ்சிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மீசைக்காரர் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று போய்த் தன் லாரியில் ஏறினார். பூஜ்யம் கையை உயர்த்தியதை அவர் பார்க்கவே இல்லை. வண்டியைச் சுவரை உரசுகிற மாதிரி மேடைமேல் கொண்டுவந்து நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இதோ காலி எடை! சீட்டு குடுத்தா வண்டியை எடுக்கிறேன். இல்லாட்டி நீயும் உள்ளயே கிட!"

கதவுக்கு வெளியே ஒரு பெரிய டயர் நின்றது. தள்ளிப் பார்த்தார். ஒரு சாண் திறந்து ரப்பரில் இடித்து நின்றது. மீட்டர் மட்டும் தன் கடமையை ஒழுங்காகச் செய்து லாரியின் எடையைச் சிவப்பாகக் காட்டியது. அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. எடை இருக்கிறது, எடை போடுகிறவர் இருக்கிறார், லாரியும் இருக்கிறது. கழிப்பதற்கான முதல் எடை மட்டும் அந்த நீலத் திரைக்குப் பின்னால் பத்திரமாகப் பூட்டிக் கிடந்தது. அறையில் காற்று இல்லை. மின்விசிறி வெப்பத்தைக் கலக்கி அவர்மேலேயே ஊற்றியது.

மைத்துனி கூப்பிட்டாள். "மாமா, எங்க வந்துக்கிட்டு இருக்கீங்க?"

"இன்னும் கிளம்பலம்மா."

"டாக்டர் வந்துட்டார். எடை போட்டது போதும், எந்திரிச்சு வாங்க. அக்காவை விட இரும்பு முக்கியமா போச்சா?"

"கதவு திறக்கலம்மா."

"எந்தக் கதவு?"

அவர் பதில் சொல்வதற்குள் மனைவி போனை வாங்கியது தெரிந்தது. அவளிடம் பூசி மெழுகத் தோன்றவில்லை. கம்ப்யூட்டர், ஏழு லாரி, மீசைக்காரரின் டயர் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"எத்தனை பேருக்குக் கட்டுப் பிரிக்கணும்னு நர்ஸைக் கேக்குறேன்" என்றாள் மனைவி. "என்னைக் கடைசியா வச்சுக்கச் சொல்றேன். அதுக்கு மேல என்னால முடியாதுங்க."

போனை வைத்துவிட்டு அவர் திரையையே பார்த்தார். மெஷினுக்குள்ளேயே ஒரு பெயர் என்றாரே அதிகாரி. அந்த மெஷின் முதன்முதலாக இந்த மேசைக்கு வந்த நாளை யோசித்தார். அன்று நெட்வொர்க் கம்பி அறைவரைக்கும் வரவில்லை; பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கம்பி இல்லாமலே எடை புரோகிராமை ஏற்றிக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. ஆண்டுக்கொருமுறை படிக்கற்களை வண்டியில் கொண்டுவந்து மேடையைச் சரிபார்க்கும் தராசு மெக்கானிக்.

உடனே கூப்பிட்டார். மெக்கானிக் எங்கோ ஒரு மேடைக்கு அடியில் குழிக்குள் இருந்தார். குரல் கிணற்றிலிருந்து வந்தது.

"ஆமாண்ணே, மெஷினுக்குள்ளயே ஒரு பேர் போட்டுத்தான் ஏத்தினேன். யாரும் அழிச்சிருக்க மாட்டாங்க. அது இருக்கிறதே யாருக்கும் தெரியாது. பேர் போடுற இடத்துல முதல்ல ஒரு புள்ளி வைங்க. அப்புறம் பின்னால சாய்ஞ்ச கோடு. அப்புறம் தராசுன்னு இங்கிலீஷ் எழுத்துல."

"புள்ளி எதுக்கு?"

"புள்ளின்னா 'இந்த மெஷின்தான்'னு அர்த்தம். வெளிய யாரையும் கேட்காதேன்னு அதுக்குச் சொல்றோம்."

அவர் புள்ளி வைத்தார், கோடு போட்டார், பெயரை அடித்தார். "பாஸ்வேர்டு?"

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, பக்கத்துல டிரைவர் யாராவது இருக்காங்களா?"

ஜன்னலில் ஆறு முகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. லாரிப் படிக்கட்டிலிருந்து ஏழாவதாக மீசை.

"எல்லாருமே இருக்காங்க."

"அப்ப சொல்லமாட்டேன்."

"என்னய்யா இது!"

"நான் பார்க்கிற அத்தனை மேடைக்கும் ஒரே பாஸ்வேர்டுதாண்ணே. ஒருத்தன் காதுல விழுந்தாலும் நாளைக்கு இரும்பு பஞ்சாகும், பஞ்சு இரும்பாகும். என் பொழப்பே போயிடும். அவனுங்களைத் தூரப் போகச் சொல்லுங்க. நீங்களும் யாருக்கும் சொல்லக்கூடாது, எழுதியும் வைக்கக்கூடாது. சத்தியம்?"

"சத்தியம்."

ஒலிபெருக்கியை எடுத்தார். "எல்லாரும் அவங்கவங்க வண்டில ஏறிக் கண்ணாடியை ஏத்திக்குங்க."

"எதுக்கு?" என்றார் மீசைக்காரர். அவருக்கு அதற்குள் வாசனை பிடித்துவிட்டது. "காத்து நல்லா இருக்கு. நான் இங்கயே நிக்கிறேன்."

"நின்னா சீட்டு கிடையாது."

மற்ற ஓட்டுநர்கள் மீசைக்காரரைப் பிடித்து அவருடைய வண்டிக்குள்ளேயே தள்ளினார்கள். காதில் எதுவும் விழவில்லை என்று காட்டுவதற்காக எல்லோரும் எஞ்சினைக் கிளப்பினார்கள். ஒரு புண்ணியவான் ஹார்னையும் சேர்த்து அழுத்தினார். அறை அதிர்ந்தது. அவர்களுக்கு நிச்சயம் எதுவும் கேட்கவில்லை. அவருக்கும்தான்.

"என்ன சொன்னே? திருப்பிச் சொல்லு!"

கடைசியில் மேசைக்கு அடியில் புகுந்து, முதுகுத் தலையணையை ஒரு காதில் அழுத்தி, மறு காதில் போனை அழுத்தினார். மெக்கானிக் குழிக்குள்ளிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் கத்தினார். அவர் அதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து, மேசை விளிம்பில் தலையை இடித்துக்கொண்டு அடித்தார். தவறு. மறுபடி அடியில் புகுந்தார். ஓர் எழுத்து பெரிய எழுத்தாம். மறுபடி எழுந்து அடித்தார்.

திரை ஒரு கணம் யோசித்தது. திறந்தது. ஏழு முதல் எடைகளும் வரிசையாக, வைத்தது வைத்தபடி இருந்தன. அவருக்கு அவற்றைத் தொட்டுக் கும்பிடலாம்போல இருந்தது.

ஆனால் எழுந்து ஓட முடியுமா? பூட்டு திறந்ததும் வேலை வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. கதவை மறித்து நின்ற மீசைக்காரரின் சீட்டுதான் முதலில் அச்சானது. லாரி நகர்ந்தது, கதவு விடுபட்டது, அடுத்த லாரி ஏறிக் கதவை மறித்தது. அந்த அவசரத்திலும் அவர் கை உயர்த்த மறக்கவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் பூஜ்யம் வரும்வரை காத்திருந்தார். காத்திருந்த ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரியில் ஒரு கண் பிரிபடுவதாகத் தோன்றியது.

ஏழாவது சீட்டைக் கிழித்துக் கொடுத்தபோது ஸ்டோர்க்காரர் வந்து சேர்ந்தார். கேட்டுக்கு வெளியே புதிதாக இரண்டு லாரிகள் ஹார்ன் அடித்தன. கூடவே மேனேஜரும் வந்தார்.

"ஸ்டோர்க்காரர் உட்காரட்டும். அந்தப் பாஸ்வேர்டை மட்டும் அவர்கிட்ட சொல்லிட்டுக் கிளம்புங்க."

"சொல்ல முடியாது சார். சத்தியம் பண்ணியிருக்கேன்."

"கொஞ்ச நேரம் கை படலேன்னா திரை தானா பூட்டிக்கும். அப்புறம் யார் திறக்கிறது?"

"நான்தான் சார் திறக்கணும்."

"அப்ப நீங்கதான் உட்காரணும்."

மேனேஜர் கெட்ட மனிதரில்லை. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அதில் போக வழியில்லை என்பதுதான் சங்கடம். பூஜ்யம் திரையைப் பார்த்தார், மவுஸைப் பார்த்தார், ஸ்டோர்க்காரரின் தடித்த விரல்களைப் பார்த்தார்.

"அண்ணே, இப்படி உட்காருங்க" என்று அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் அமர்த்தினார். வலது கையை எடுத்து மவுஸின்மேல் வைத்தார். "நான் திரும்பி வர்ற வரைக்கும் இதை அசைச்சுக்கிட்டே இருங்க. வண்டி வந்தா எடை போடுங்க. வராட்டியும் அசைங்க. கையை மட்டும் எடுத்துடாதீங்க."

"எவ்வளவு நேரம்?"

"அசைங்கண்ணே."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பூஜ்யம் கேட்டைத் தாண்டியிருந்தார். சாலையோரம் மீசைக்காரரின் லாரி நின்றிருந்தது. சீட்டு வாங்கியும் அவர் ஏன் நின்றார் என்று கேட்க நேரமில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

"ஏறு" என்றார்.

வாழ்க்கை முழுக்க லாரிகளை எடை போட்டவர் அன்றுதான் முதல்முறையாக ஒன்றில் ஏறினார். இவ்வளவு உயரமா என்று கைப்பிடியை இறுக்கிக்கொண்டார்.

"அந்தப் பாஸ்வேர்டு..." என்று சாலையைப் பார்த்தபடியே இழுத்தார் மீசைக்காரர்.

"வண்டியை ஓட்டுங்க."

ஆஸ்பத்திரி மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறியபோது மைத்துனி வாசலிலேயே நின்று, "மெதுவா, மெதுவா! அடுத்த கட்டில்ல உங்களைப் படுக்க வச்சிடாதீங்க மாமா" என்றாள். அறையில் மற்ற கட்டில்களில் எல்லோருக்கும் பிரித்தாகிவிட்டது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நர்ஸ் மனைவியின் காதோரத்துப் பிளாஸ்திரியின் நுனியை நகத்தால் கிளறிக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலுக்கு எதிரே போய் நின்று இருமினார். மனைவியின் தோள்கள் இறங்கின.

"பிரிங்கம்மா" என்றாள் அவள்.

பஞ்சு விலகியது. அவள் இமைகளைக் கொட்டினாள். நீர் வழிந்தது. நேராக அவரைப் பார்த்தாள்; நெற்றியிலிருந்து கழுத்துவரை, நிதானமாக.

"நெத்தியில என்னங்க வீக்கம்?"

"மேசை இடிச்சுக்கிச்சு."

"எப்ப இவ்வளவு நரைச்சீங்க?"

அவர் தலையைத் தடவிக்கொண்டபோது சட்டைப் பையில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. டாக்டர் முகத்தைச் சுளித்தார். பூஜ்யம் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"அண்ணே" என்றார் ஸ்டோர்க்காரர். குரல் நெருக்கிக்கொண்டு வந்தது. "இடது கையாலதான் போன் பிடிச்சிருக்கேன். வண்டி ரெண்டும் உள்ள போயிடுச்சு. எனக்கு அவசரமா ஒண்ணுக்குப் போகணும். என்ன பண்றது?"

அவர் மனைவியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக வெண்மை படிந்திருந்த அந்தக் கருவிழி இப்போது கறுப்பாக, ஈரமாக, அவருடைய முகம் பூராவையும் அளந்துகொண்டிருந்தது.

"அசைச்சுக்கிட்டே இருங்கண்ணே" என்றார். "இதோ வந்துடறேன்."

"என்னத்தை அசைக்கிறது?" என்றாள் மனைவி.

அவர் போனை அணைத்துப் பையில் போட்டார். இதோ என்று சொன்னாரே தவிர, கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்து, அவள் பார்க்கும்படி எதிரே போட்டு உட்கார்ந்தார்.